முகப்பில் பேசிய சாக்ரடீஸ்

நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது பள்ளி ஆண்டு விழாவுக்குச் சாக்ரடீஸ் நாடகம் போட்டார்கள். ‘ராஜா ராணி’ படத்தில் சிவாஜி கணேசன் சாக்ரடீஸாக வரும் காட்சியின் வசனம் அப்போது கேசட்டில் கிடைத்தது. எங்கள் தெருமுனை டீக்கடையில் அதை அடிக்கடி போடுவார்கள். பால் வாங்கப் போன இடத்தில் நின்று கேட்டே முழு வசனமும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. வேஷம் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு போய்க் கேட்டேன். தமிழையா சிரித்தார். “சாக்ரடீஸுக்குத் தாடி உண்டும்மா, உனக்கெப்படி ஒட்டுறது?” என்றார். வேஷம் கிடைத்த பையனுக்கும் தாடி கிடையாது. பஞ்சைப் பசை தடவி ஒட்டினார்கள். எனக்குக் கிடைத்தது திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலை. அன்று அவன் மூன்று இடங்களில் தடுமாறினான். மூன்று இடத்திலும் சாக்ரடீஸ் என் குரலில்தான் மீண்டார். கைதட்டல் அவனுக்குப் போனது. அப்போது அது எனக்குக் குறையாகப் படவில்லை, பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு நான் தமிழாசிரியை ஆனேன். நாடகமும் திறனாய்வும் நடத்துகிறேன். பிளேட்டோ எழுதிய சாக்ரடீஸின் தன்விளக்க உரையை ஒவ்வோர் ஆண்டும் ஏதாவதொரு சாக்கில் வகுப்புக்குள் கொண்டுவந்துவிடுவேன். கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல நூல் இல்லை என்று நம்பினேன், இன்னமும் நம்புகிறேன். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றுக்குப் பிறகு அந்த நூலை என்னால் பழையபடி வாசிக்க முடியவில்லை. அந்த நிகழ்ச்சிக்கு வருமுன் நூலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

*

கி.மு. 399. ஏதென்ஸ். சாக்ரடீஸுக்கு வயது எழுபது. குற்றம் சாட்டியவர்கள் மெலிட்டஸ், அனிட்டஸ், லைக்கான் என்று மூன்று பேர். நகரம் ஏற்றுக்கொண்ட கடவுளரை ஏற்காமல் புதுத் தெய்வங்களைக் கொண்டுவருகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார் என்பவை குற்றச்சாட்டுகள். இன்றைய பொருளில் நீதிபதி என்று அங்கே யாரும் இல்லை. முப்பது வயதைக் கடந்த ஆண் குடிமக்களிலிருந்து சீட்டுப் போட்டு எடுத்த 501 பேர் தீர்ப்புச் சொன்னதாகப் பொதுவாகச் சொல்வார்கள். வழக்கறிஞரும் கிடையாது, குற்றம் சாட்டப்பட்டவர் தாமே பேச வேண்டும். பேச்சின் நேரத்தைத் தண்ணீர்க் கடிகாரம் அளந்தது. ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடும். முப்பது பேர் மாற்றி வாக்களித்திருந்தால் தப்பியிருப்பேன் என்று அவரே சொல்கிறார்.

எனக்கு மேடைப் பேச்சு வராது, சந்தையில் பேசுகிற மாதிரிதான் பேசுவேன் என்று தொடங்குகிறார். இதை நான் வகுப்பில் வியந்து வியந்து சொல்லியிருக்கிறேன். ஆனால் எனக்குப் பேசத் தெரியாது என்று தொடங்குவது தேர்ந்த பேச்சாளர்களின் வழக்கம். உண்மையிலேயே பேசத் தெரியாதவர்கள் அதைச் சொல்வதில்லை. அவர்கள் தயங்குவார்கள், சொன்னதையே திரும்பச் சொல்வார்கள், நடுவில் நிறுத்தித் தண்ணீர் கேட்பார்கள். எளிமை என்பது இந்த உரையின் முதல் அலங்காரம் என்று புரிந்துகொள்ள எனக்கு இருபது ஆண்டுகள் ஆயின.

அடுத்தது மெலிட்டஸைக் குறுக்கு விசாரணை செய்யும் பகுதி. மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கிற இடம் இது. நகரத்தின் கடவுளரை ஏற்கவில்லை என்பது குற்றச்சாட்டு. சாக்ரடீஸ் கேள்வி மேல் கேள்வி போட்டு, இவர் எந்தக் கடவுளையுமே நம்பாதவர் என்று மெலிட்டஸின் வாயாலேயே சொல்ல வைக்கிறார். பிறகு, தெய்விகச் செயல்களை நம்புகிறவன் தெய்வங்களை நம்பாமல் எப்படி இருப்பான் என்று கேட்டு அதை உடைக்கிறார். வகுப்பே கைதட்டும். பொறுமையாகப் பார்த்தால், உடைந்தது மெலிட்டஸ் பதறிப் போய்ச் சொன்ன பெரிய பேச்சு. எழுத்தில் கொடுத்த குற்றச்சாட்டு, அதாவது நகரத்தின் கடவுளரை ஏற்கிறாரா இல்லையா என்பது, அப்படியே நிற்கிறது. எதிராளியின் வாயை அடைப்பது வேறு, குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்வது வேறு.

*

இந்த உரையில் பெண்கள் எங்கே வருகிறார்கள் என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். வருவதில்லை என்று சொல்லிவிட்டு மேலே போயிருக்கலாம். தேடிப் பார்த்தேன்.

முதலாவது இடம் சாக்ரடீஸ் தம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும் பகுதி. எனக்கும் மூன்று மகன்கள் உண்டு, ஒருவன் வளர்ந்தவன், இருவர் சிறுவர்கள், ஆனால் உங்கள் இரக்கத்தைப் பெற அவர்களை இங்கே கூட்டி வரவில்லை என்கிறார். அப்படிக் கெஞ்சுகிற ஆண்கள் பெண்களைவிட எந்த வகையிலும் மேலானவர்கள் அல்ல என்றும் சேர்த்துக்கொள்கிறார். அந்த அவையில் பெண் ஒருத்தியும் இல்லை. ஏதென்ஸ் பெண்ணுக்குத் தன் வழக்கைத் தானே பேசும் உரிமை கிடையாது. தகப்பனோ கணவனோ சகோதரனோ பேச வேண்டும். எந்த இடத்தில் பெண்கள் நிற்கவே முடியாதோ, அங்கே கோழைத்தனத்துக்குப் பெண் என்று பெயர்.

இரண்டாவது இடம், மரண தண்டனை உறுதியான பிறகு. மேலுலகம் என்று ஒன்றிருந்தால் ஹோமரையும் ஒடிசியஸையும் சந்திக்கலாம், எண்ணற்ற ஆண்களையும் பெண்களையும் அங்கே கேள்வி கேட்கலாம் என்று ஆசைப்படுகிறார். உயிரோடு இருந்தவரை அவர் சந்தையிலும் உடற்பயிற்சிக்கூடத்திலும் ஆண்களைக் கேள்வி கேட்டார். உரையாடத் தகுந்தவர்களாகப் பெண்கள் இந்த உரையில் அவர் கண்ணுக்குத் தெரிவது செத்த பிறகுதான்.

மற்ற நூல்களிலும் இதேதான். ‘தியேட்டீட்டஸ்’ நூலில், என் தாய் ஃபேனரெட்டி மருத்துவச்சி, நானும் அதே தொழில் செய்கிறேன், ஆனால் நான் பார்ப்பது ஆண்களுக்குப் பிரசவம் என்கிறார். தாயின் தொழிலிலிருந்து உவமையை எடுத்துக்கொண்டு பெண்களை வெளியே அனுப்பிவிடுகிறார். ‘விருந்து’ நூலில் காதலைப் பற்றித் தமக்குக் கற்பித்தவள் மான்டினியாவைச் சேர்ந்த டயோட்டிமா என்கிறார். அவளும் அங்கே இல்லை. அவள் சொன்னதை இவர் தம் குரலில் சொல்கிறார். ‘ஃபீடோ’வில் கடைசி நாள். சிறைக்குள் நண்பர்கள் நுழையும்போது சாந்திப்பி சிறுபிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறாள். நண்பர்களோடு உங்களுக்கு இதுதான் கடைசிப் பேச்சு என்று அழுகிறாள். பெண்கள் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள் என்று கதைசொல்லி அதை ஒதுக்கிவிடுகிறான். சாக்ரடீஸ் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார். அந்த அறையில் அப்போது அதைவிடச் சரியான வாக்கியத்தை யார் சொன்னார்கள்? நண்பர்களை இழப்பதுதான் அவருக்குப் பெரிய இழப்பு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தன் இழப்பைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அதே நூலில் இன்னொரு வரி உண்டு. நஞ்சு குடிக்குமுன் குளித்துவிடுகிறேன், பிணத்தைக் குளிப்பாட்டும் வேலை பெண்களுக்கு மிச்சமாகட்டும் என்கிறார் சாக்ரடீஸ். பல ஆண்டுகள் இந்த வரியைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். நல்ல மனிதர், இறக்கும் நேரத்திலும் பிறர் வேலையை நினைத்தார். அதே வரி, எல்லா உரையாடல்களும் முடிந்தபின் அந்த வீட்டுப் பெண்களுக்கு எழுதிவைத்திருந்த வேலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறது.

ஒரு நியாயத்தையும் இங்கே பதிய வேண்டும். பெண்களும் நாட்டைக் காக்கும் தகுதி உடையவர்கள் என்று ‘குடியரசு’ நூலின் ஐந்தாம் பகுதியில் இதே சாக்ரடீஸைச் சொல்ல வைத்தவர் பிளேட்டோதான். 2,400 ஆண்டுகளுக்கு முந்தைய ஒருவரைக் கூண்டில் ஏற்றி மறுபடி தண்டிப்பது என் வேலை இல்லை. என் கேள்வி, அவருடைய உரையை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பது.

*

நான் வளர்ந்தது காரைக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில். அம்மா ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். செட்டிநாட்டு வீட்டைப் பார்க்க இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். பர்மாத் தேக்குத் தூண்களுக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த வீடு பின்பக்கத்திலிருந்துதான் தெரியும். முகப்பில் ஆண்கள் உட்கார்ந்து பேசுவார்கள். கணக்கு, பங்காளித் தகராறு, கோயில் விவகாரம், கல்யாணப் பேச்சு எல்லாம் அங்கே. அடுத்து வளவு. அதற்கும் பின்னால் சாப்பாட்டுக்கட்டு, அடுப்படி. ஆச்சிமார்களுக்கு எல்லாம் தெரியும். எந்த வட்டிக்கடையில் எவ்வளவு நிற்கிறது, யார் யாரை ஏமாற்றினார்கள் என்று அடுப்படியில் அம்மாவிடம் துல்லியமாகச் சொல்வார்கள். முகப்பில் அது ஒருநாளும் அவர்கள் குரலில் ஒலித்ததில்லை. பேச்சு காரமாகும்போது அம்மா காப்பித் தட்டோடு போய் வைத்துவிட்டு வருவாள். என்ன பேசுறாக என்று கேட்டால், “பேசுறவுக பேசட்டும்த்தா, இங்க உலை கொதிக்குது” என்பாள்.

ஏதென்ஸ் வீட்டிலும் ஆண்களுக்கென்று முன்னறை உண்டு. பெண்களின் இடம் உள்ளே. நான் பிளேட்டோவை வாசிக்கும்போதெல்லாம் என் மனத்தில் வந்த ஏதென்ஸ், தூண் வைத்த இந்த முகப்புதான்.

தமிழில் நீதிமன்றப் பேச்சு என்றால் நம் காதில் ஒலிப்பது ஒரு குரல். அதற்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டு. காரைக்குடிக்காரரான ஏ.வி.மெய்யப்பன் இரண்டாம் உலகப்போர்க் காலத்துக்குப் பிறகு தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ நடத்தினார். 1947இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்த படம். பிறகு ஏவிஎம் கோடம்பாக்கத்துக்குப் போனது. நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ.பெருமாளும் ஏவிஎம்மும் சேர்ந்து தந்த ‘பராசக்தி’ 1952 தீபாவளிக்கு வந்தது. மு.கருணாநிதியின் வசனம், சிவாஜிக்கு முதல் படம். ரங்கூனிலிருந்து அண்ணன்கள் தங்கையின் கல்யாணத்துக்குப் புறப்படுவதாகக் கதை. பர்மாவில் தொழில் செய்து, 1942இல் குண்டுவீச்சுக்கு நடுவே திரும்பியவர்களின் ஊர் இது. அந்தக் கதை இங்கே யாருக்கும் அந்நியமில்லை.

அந்தப் படத்தின் நீதிமன்றத்தில் நிற்பவர்கள் இரண்டு பேர். ஒருவன் குணசேகரன், தங்கையிடம் தவறாக நடக்க முயன்ற பூசாரியைத் தாக்கியவன். இன்னொருத்தி கல்யாணி, அந்தத் தங்கை. கணவனும் தகப்பனும் இறந்து, பட்டினியும் துரத்தலும் தாங்காமல் குழந்தையை ஆற்றில் எறிந்தவள். விசாரிக்கும் நீதிபதி அவளுடைய மூத்த அண்ணன். பசியும் அவமானமும் ஆறும் அவளுடையவை. ஆனால் எழுபது ஆண்டுகளாகப் பேச்சுப் போட்டிகளில் ஒலிப்பது குணசேகரனின் வசனம். கல்யாணியின் பேச்சை மனப்பாடம் செய்து பரிசு வாங்கிய ஒரு சிறுமியை நான் பார்த்ததில்லை. பகுத்தறிவின் குரலாகத் தமிழ்நாடு கொண்டாடிய அந்தக் காட்சியில், தங்கைக்கு நேர்ந்ததை அண்ணன் சொன்னால்தான் அது சமூகத்தின் குற்றமாகிறது. நான்கு ஆண்டுகள் கழித்து 1956இல் ‘ராஜா ராணி’. அதே எழுத்து, அதே நடிகர். இப்போது அவர் சாக்ரடீஸ். குணசேகரனைக் கேட்டுப் பழகிய காதுகள் சாக்ரடீஸைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டன.

இது திரையோடு நிற்பதில்லை. 1933 அக்டோபரில் ‘குடி அரசு’ வெளியிட்ட ஒரு தலையங்கத்துக்காக அரசு இராஜத்துரோக வழக்குப் போட்டது. ஆசிரியர் பெரியார் மீதும், வெளியிட்டவர் என்ற முறையில் அவருடைய தங்கை கண்ணம்மாள் மீதும். இருவரும் தண்டிக்கப்பட்டார்கள். கோயம்புத்தூர் நீதிமன்றத்தில் பெரியார் கொடுத்த அறிக்கை திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கிறது. தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சாத அந்த அறிக்கையைச் சாக்ரடீஸின் உரைக்குப் பக்கத்தில் வைக்கலாம். 1921லேயே நாகம்மையாரோடு ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் நின்றவர் கண்ணம்மாள். தன் பெயரை ஓர் இதழில் வெளியீட்டாளராகப் போடுவது என்னவாகும் என்று தெரிந்தே போட்டவர். மேடையில் பெரியாராக நின்று அந்த அறிக்கையைப் பேசிய மாணவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். கண்ணம்மாளாக ஒருத்தியை நிறுத்தியவர்கள் யாரும் என் கண்ணில் படவில்லை.

காரைக்குடியும் வெறும் முகப்பு அல்ல. 1930களில் இங்கிருந்து ‘மாதர் மறுமணம்’ என்று ஓர் இதழ் வந்தது. அதன் ஆசிரியர் மரகதவல்லி, தாமே மறுமணம் செய்துகொண்டவர். அவருடைய கணவர் சொ.முருகப்பாவும் இந்த இயக்கத்தில் முன்நின்றவர். கைம்பெண்ணின் வாழ்க்கையை ஊர்ப்பெரியவர்கள் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த ஊரில், ஒரு பெண் அச்செழுத்தில் பதில் சொன்னாள். அதுவும் தன்விளக்க உரைதான். பேச்சுப் போட்டிப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

*

இனி அந்த நிகழ்ச்சி. ஒரு கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழுவில் நான் உறுப்பினராக இருந்தேன். எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு, என்ன முடிவு என்று எழுதப் போவதில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. தடுக்காவிட்டாலும் எழுதமாட்டேன். அது அந்த மாணவியின் கதை. நான் சொல்லக்கூடியது என் கதையை மட்டும்.

மாணவி கொடுத்த புகார் ஒரே பக்கம். எழுத்துப் பிழைகள் இருந்தன. விசாரணையில் அவள் சொன்னதும் துண்டு துண்டாக இருந்தது. முன்னதைப் பின்னால் சொன்னாள். ஒரு கேள்விக்கு நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்த்தரப்பான ஆசிரியர் கொடுத்த விளக்கம் ஒன்பது பக்கம். அழகான தமிழ். மாணவர்களைக் கேள்வி கேட்கத் தூண்டியதுதான் நான் செய்த குற்றம் என்று தொடங்கியது. இளைஞர்களைக் கெடுக்கிறான் என்ற பழி புதிதல்ல, ஏதென்ஸில் தொடங்கியது என்றது. சிறிய மனங்கள் பெரிய சிந்தனையை எப்போதும் இப்படித்தான் எதிர்கொண்டன என்றது. கோப்பையை ஏந்தத் தயார் என்று முடிந்தது.

அன்று மாலை என் குறிப்பேட்டில் அவருடைய விளக்கத்துக்கு நேராக ‘நல்ல மொழி’ என்று எழுதினேன். மாணவியின் வாக்குமூலத்துக்கு நேராக ‘தெளிவில்லை’ என்று எழுதினேன். இரண்டு விடைத்தாள்களைத் திருத்தியவளைப் போல மதிப்பெண் போட்டிருந்தேன். பேச்சைக் கேட்டு உருகப் பழகிய காது அது. டீக்கடை வாசலில் பால் தூக்கோடு நின்றபோதே பழகிய காது. அவர் எழுத எழுத, அடுத்த வசனம் என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. நான் மறுபடியும் திரைக்குப் பின்னால் நின்று எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

குழுவின் வெளி உறுப்பினராக வந்திருந்தவர் பல ஆண்டுகளாகப் பெண்கள் அமைப்பில் வேலை பார்த்தவர். நாங்கள் அக்கா என்போம். அடுத்த கூட்டத்தில் நான் விளக்கத்தின் நடையைப் பற்றி ஏதோ சொன்னேன். அவர் ஒன்பது பக்கங்களையும் என் பக்கம் தள்ளினார். “டீச்சர், நீங்க படிச்சவங்க. இதுல எங்கயாவது ஒரு தேதி இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க” என்றார்.

பார்த்தேன். இல்லை. மாணவியின் ஒரு பக்கத்தில் மூன்று தேதிகள் இருந்தன. ஓர் அறை இருந்தது. அன்று தவறவிட்ட பேருந்தின் நேரம் இருந்தது. ஒன்பது பக்கங்கள் அந்த மூன்று தேதிகளில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. மெலிட்டஸின் வாயை அடைத்துவிட்டு, எழுத்தில் இருந்த குற்றச்சாட்டை அப்படியே விட்டுவிட்ட அதே வேலை. இருபது ஆண்டுகள் அதைக் கரும்பலகையில் விளக்கியவள் நான். என் கையில் கொடுத்தபோது எனக்குத் தெரியவில்லை.

*

இதோடு சாக்ரடீஸ் மீது கோபப்பட்டு நூலை மூடியிருக்கலாம். கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தேன். பிறகு மறுபடி வாசித்தபோது, நான் வகுப்பில் வேகமாகக் கடந்துவிடும் ஒரு பகுதியில் நின்றேன். என்னால் கெட்டுப்போன இளைஞர்கள் இருந்தால், இப்போது வயதாகித் தெளிந்திருப்பார்கள், இங்கே எழுந்து வந்து எனக்கு எதிராகச் சொல்லட்டும் என்கிறார். அவர்கள் கூச்சப்பட்டால் அவர்களுடைய தகப்பன்மாரோ அண்ணன் தம்பிகளோ வரட்டும் என்கிறார். அவையில் இருக்கும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிச் சுட்டுகிறார். கிரீட்டோ இருக்கிறார், பிளேட்டோவின் அண்ணன் இருக்கிறார், கேளுங்கள் என்கிறார். மெலிட்டஸ் மறந்திருந்தால் இப்போதே சாட்சி கூப்பிடட்டும், என் நேரத்தைத் தருகிறேன் என்கிறார். யாரும் எழவில்லை.

அந்த உரையில் அலங்காரம் எதுவும் இல்லாமல் பதில் சொல்லும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். இதைப் போட்டிக்கு யாரும் மனப்பாடம் செய்வதில்லை. பெயர்ப்பட்டியலில் ஏற்ற இறக்கம் காட்ட முடியாது. ஆனால் சாக்ரடீஸின் மேலாடையை எடுத்துப் போர்த்திக்கொள்கிறவர்களை அளக்க இந்தப் பகுதி போதும். சாக்ரடீஸ் பாதிக்கப்பட்டவர்களைப் பேச அழைத்தார். இவர்கள், பேச வந்தவளைச் சிறிய மனம் என்கிறார்கள். சாக்ரடீஸ் தாம் யாருக்கும் ஆசிரியர் இல்லை, சம்பளம் வாங்கியதில்லை என்கிறார். இவர்கள் கையில் அகமதிப்பீட்டு மதிப்பெண் இருக்கிறது. ஏதென்ஸில் அதிகாரம் இருந்தது குற்றம் சாட்டியவர்கள் பக்கம். கல்லூரி அறையில் அது யார் பக்கம் என்று கேட்காமல், தனித்து நிற்கிறவர் எல்லாம் சாக்ரடீஸ் என்று நினைப்பது சோம்பல். நானும் அந்தச் சோம்பலோடுதான் முதல் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பேசத் தெரியாதவர்களை அவைகள் எப்படிக் கேட்டன என்பதற்கு நம் நாட்டில் சான்றுகள் குறைவில்லை. 1972இல் காவல் நிலையத்துக்குள் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன பழங்குடிச் சிறுமி மதுராவின் வழக்கில், உடம்பில் காயம் இல்லை, கூச்சல் இல்லை என்பதை அவளுக்கு எதிராக வாசித்து, 1978இல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. அடுத்த ஆண்டு சட்டப் பேராசிரியர்கள் நால்வர் எழுதிய திறந்த மடல்தான் பெரிய விவாதத்தைத் தொடங்கியது. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவியை 1995இல் விசாரணை நீதிமன்றம் நம்பவில்லை. அவருக்கு நேர்ந்ததிலிருந்து பிறந்த வழக்கில்தான் 1997இல் விசாகா நெறிமுறைகள் வந்தன, அவற்றின் வழியே நான் உட்கார்ந்திருந்த குழுவும் வந்தது. பேசியும் நம்பப்படாத ஒரு பெண்ணால் உண்டான மேசையில் உட்கார்ந்துகொண்டு, இன்னொருத்தியின் பேச்சுக்குத் ‘தெளிவில்லை’ என்று எழுதியிருக்கிறேன்.

நம் இலக்கியத்தில் அவைக்கு வந்து வழக்குரைத்தவள் கண்ணகி. அவளைக் கற்பின் சிலையாக நிறுத்திய வாசிப்பை நாம் நிறையவே விமர்சித்திருக்கிறோம், அது தேவைதான். கணவனுக்காக வந்ததால்தான் அந்தக் கதவு அவளுக்குத் திறந்தது என்பதும் உண்மை. ஆனால் வழக்குரை காதையை ஒரு வாக்குமூலமாக மட்டும் வாசித்துப் பாருங்கள். அவள் ஊர், பெயர், யாருடைய மனைவி, எதற்காக வந்தாள் என்று சொல்கிறாள். என் சிலம்பில் உள்ளது மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து. சிலம்பைக் கொண்டுவரச் செய்து உடைத்துக் காட்டுகிறாள். தேதியும் அறையும் பேருந்தின் நேரமும் எழுதிக் கொடுத்த மாணவி செய்ததும் இதுதான். அவளிடம் இருந்ததை உடைத்து மேசையில் வைத்தாள். சிதறியதைக் குனிந்து பார்க்காமல் நான் அவளுடைய வாக்கிய அமைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. விசாரணைத் தாள்களைச் சட்டப்படி ஒப்படைத்துவிட்டேன். இது என்னுடைய சொந்தக் குறிப்பு, பெயர் ஏதும் இல்லை, இரண்டே இரண்டு மதிப்பீடுகள். கிழித்துவிடலாம் என்று பலமுறை நினைத்தும் கிழிக்கவில்லை. அடுத்தமுறை யாராவது என்னிடம் அழகாகப் பேசும்போது எடுத்துப் பார்க்க வேண்டும்.

இந்த ஆண்டு மாணவர்கள் சிலர் சாக்ரடீஸ் நாடகம் போட வேண்டும் என்று வந்தார்கள். போடுங்கள் என்றேன். மெலிட்டஸைத் திணறடிக்கும் பகுதியைக் குறைத்துவிட்டு, கெட்டுப்போனவர்கள் இருந்தால் எழுந்து வரட்டும் என்று அவர் அழைக்கும் பகுதியை முழுக்க வைக்கச் சொன்னேன். சாக்ரடீஸாக ஒரு மாணவி வந்தாள், தாடி வேண்டாம் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். அழைத்த பிறகு எவ்வளவு நேரம் பேசாமல் நிற்க வேண்டும் என்று கேட்டாள். ஒரு நிமிடம் என்றேன். முதல் ஒத்திகையில் அவளால் பத்து நொடிக்கு மேல் தாங்க முடியவில்லை, அடுத்த வசனத்துக்குத் தாவிவிட்டாள். திரைக்குப் பின்னால் வசனத் தாளோடு நின்ற பையன், அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்து எடுத்துக்கொடுத்துவிட்டானாம். அவனிடமிருந்து தாளை வாங்கிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து செய்யச் சொன்னேன்.